சிறந்த வாசகி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் வலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உன் அம்மா நலம், நானும் நலம் என்றே வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் துண்டிக்கப்பட்டதே, லைன் போய்விட்டது என்று உன் அம்மா சமாதானம் சொன்னாளாம், லைன் எங்கும் போகவில்லை, நான்தான் வைத்தேன். வாயால் சொன்னால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும், அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நூலகத்துக்கு எழுதித் தருகிறேன் என்று நீ சொன்ன அந்தக் கடிதத்தை எழுதாதே. ஏன் என்பதை முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உனக்கு விஷயத்தைச் சொன்னது உன் மாமா. என் வீட்டில் நடப்பது எனக்கு முன்னால் உனக்கு வந்து சேர்கிறது என்றால் அது அவன் புண்ணியம்தான். புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் உருப்பட மாட்டான் என்று என் கல்யாணத்தன்றே சொன்னவன், இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து இப்போது ஜெயித்துவிட்டான். உன்னிடம் 'உங்கப்பன் லைப்ரரில ஏதோ கள்ளக் கணக்கு காட்டி மாட்டிக்கிட்டான்மா, நீ ஒரு வரி எழுதிப் போட்டா ஆள் பொழச்சுக்குவான்' என்றானாம். கள்ளத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டான்.

அந்த ஆங்கில நாவலாசிரியை உனக்கு நினைவிருக்கும், படித்திருக்காவிட்டாலும் பெயராவது காதில் விழுந்திருக்கும். இனி வரப்போகிற கெட்ட காலங்களைப் பற்றியே ஒன்பது நாவல் எழுதிவிட்டு, தண்ணீர் வரி அலுவலகத்தில் கடைசிவரை குமாஸ்தாவாக இருந்து செத்துப்போன அம்மாள். நான் புத்தகத் தேர்வுக் குழுவில் இருந்த காலத்தில் சண்டை போட்டு ஒன்பதையும் வாங்கினேன். அவள் நாவல்களில் கொடுங்கோலன் சவுக்கோடு வருவதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வான். ஒரு நாவலில் அரசாங்கம் வீட்டுக்கு ஒரு விருந்தாளியை அனுப்புகிறது, அவர் வாயைத் திறப்பதில்லை, கூடவே சாப்பிடுகிறார், கூடவே தூங்குகிறார், கடைசியில் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்போது அந்தக் குடும்பம் தெருவில் நின்று அழுகிறது. இன்னொன்றில் ஒவ்வொருவரும் அன்றன்று தான் செய்த தப்பைத் தானே எழுதி மாலையில் ஒப்படைக்கிறார்கள், படிப்பதற்கு ஆளே கிடையாது, மூட்டை கட்டிக் கிடங்கில் போடுகிறார்கள், ஆனாலும் ஒருவரும் நிறுத்துவதில்லை. இதை எல்லாம் உன் பதினாறாம் வயதிலிருந்து சொல்லிப் பார்த்தேன். நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பெட்டி எடை கூடுகிறது என்று விமான நிலையத்தில் திறந்து, நான் வைத்த அவள் நாவல் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாய், மூன்று ஜோடிச் செருப்பு உள்ளேயே இருந்தது. ஏழு வருஷமாகிறது, நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் நூலகத்துக்குப் புது நிர்வாகி வந்தார். கம்ப்யூட்டர் படித்தவர், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வருஷத்துக்கு நான்கு முறையாவது இரவல் போகாத புத்தகம் நீக்கல் பட்டியலுக்குப் போய்விடும் என்று விதி போட்டார். பட்டியலில் ஏறியது மாதக் கடைசியில் சாக்கில் கட்டப்பட்டுப் பழைய காகிதமாகப் போய்விடும். என்னைப் போன்ற ஊழியர்கள் எடுப்பது கணக்கில் சேராது. அந்த அம்மாளின் ஒன்பதையும் என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஒரு பல் டாக்டர் எப்போதோ எடுத்தார், அவரும் முதல் நாவலைப் பாதியில் திருப்பிக் கொடுத்து 'நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ராத்திரி தூக்கம் வரல' என்றார். உன் உறுப்பினர் அட்டை மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்தேன்.

ஆனால் ஒன்று, முத்திரையை மட்டும் குத்திவிட்டுப் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவைக்கவில்லை. மூன்று மூன்றாகப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் அறையில் உன் மேசைமேல் வைத்து, பதினான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுபோனேன். உன் அம்மா பையைப் பார்த்ததும் 'வந்துட்டாளா உங்க வெள்ளக்காரி, இந்த மாசம் எத்தன நாள் தங்கறா?' என்பாள், திட்டிக்கொண்டே மேசையையும் துடைப்பாள். வருஷத்துக்கு முப்பத்தாறு இரவல். அந்த எண்ணைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்தித்தாள் படிக்கவும் மின்விசிறிக்குக் கீழே உட்காரவும் வருகிறவர்கள் என்பது முப்பது வருஷம் அங்கே இருக்கிற எனக்குத் தெரியாதா, தெரிந்தும் யோசிக்கவில்லை.

போன மாதம் நான் காய்ச்சலில் ஒரு வாரம் விடுப்பில் இருந்தேன். அந்த வாரம் பார்த்து நிர்வாகி, இந்த ஆண்டின் சிறந்த வாசகரைக் கண்டுபிடித்துக் கௌரவிக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் தட்டியிருக்கிறார். அது உன் பெயரைக் கொடுத்தது. உறுப்பினர் அட்டையில் இருந்த உன் பள்ளிக்கூடப் படத்தைப் பெரிதாக்கி வாசல் பலகையில் ஒட்டி, விழாவுக்கு அழைக்க வீட்டுக்குப் போனும் போட்டார்கள். நான் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். உன் அம்மா எடுத்தாள், மகளுக்குப் பரிசு என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'அவ எப்படிங்க வருவா, ஏழு வருஷமா வெளிநாட்டுல இல்ல இருக்கா, நானே பார்த்து ரெண்டு வருஷமாச்சு' என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது 'என் வாயாலயே கெடுத்துட்டேனே' என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். நீ போன் செய்யும்போது அவளிடம் சொல், இந்த வீட்டில் உண்மை பேசிய ஒரே ஆள் அவள்தான் என்று. நான் சொன்னால் குத்திக்காட்டுகிறேன் என்கிறாள்.

விசாரணை என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். நிர்வாகி நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். பக்கத்தில் தராசு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான், கனமான பக்கம் சாய்கிற ஆள் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாய். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை என் கண்முன்னாலேயே வாங்கிக்கொண்டவன், அன்று எனக்காக உருகினான். 'சார், வெளியூர்ல இருக்கறவங்களுக்காகக் குடும்பத்துல ஒருத்தர் புக் எடுக்கலாம்னு பழைய விதியே இருக்கு. பாப்பா ஒரு லெட்டர் குடுத்துட்டா போதும், அப்பா எனக்கு அனுப்பிவெச்சார், நான் படிச்சேன்னு. யாரு போய்க் கேக்கப் போறா?' என்றான். நிர்வாகியும் தலையை ஆட்டினார். ஆமாம் என்றால் என் வேலையும் ஒன்பது புத்தகங்களும் தப்பிக்கும், இல்லை என்றால் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போதே மாதக் கடைசியோடு நான் வெளியே. நிர்வாகி கெட்ட மனிதர் இல்லை, என் கௌரவத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தார். எழுந்து வரும்போது கதவைக்கூட அவரே திறந்துவிட்டார், அந்த அம்மாள் எழுதிய ஆட்கள் திறப்பதைப் போலவே.

அன்று நான் எதையும் சொல்லாமல்தான் வந்தேன், உண்மையைச் சொல்லப்போனால் ஆமாம் சொல்லலாம் என்ற நினைப்போடுதான் வந்தேன். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் உன் மாமா முந்திக்கொண்டான், வெள்ளிக்கிழமை நீயே கூப்பிட்டாய். 'எழுதிடறேன்பா, ஒரு வரிதானே, படிச்சேன்னு சொன்னா நான் என்ன குறைஞ்சா போயிடுவேன்' என்றாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன்.

நீ பாசத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாளின் கடைசி நாவல் முழுதும் இதுதான். அதில் வில்லனே கிடையாது. வராதவனுக்காகப் பக்கத்து வீட்டுக்காரன் வந்ததாகக் கையெழுத்துப் போடுகிறான், பார்க்காததைப் பார்த்ததாக மனைவி புருஷனுக்காகப் போடுகிறாள், எல்லாம் அன்பினால், எல்லாம் ஒரு வரி. இருநூறாம் பக்கத்தில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவன்கூட மிச்சமில்லை. விமான நிலையத்தில் நீ திருப்பிக் கொடுத்தது அந்த நாவல்தான். இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போதுதான் உறைக்கிறது, அதை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன், படித்துவிட்டு மூன்று வருஷமாக உன் பெயரில் முத்திரை குத்தினேன். படிக்காத நீ ஒரு வரி எழுதத்தான் துணிந்தாய், படித்த நான் நூற்றெட்டுத் தடவை செய்தேன். என்ன படித்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், உன் மாமா முன்னால் மட்டும் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

சனிக்கிழமை காலை போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்பது நாவல்களில் ஒரு பக்கத்தைக்கூட என் மகள் படித்ததில்லை, அவள் அட்டையை அவளுக்குத் தெரியாமல் பயன்படுத்தியவன் நான் என்று நான்கே வரி. முப்பது வருஷத்தில் எத்தனையோ குறிப்பு எழுதியிருக்கிறேன், இந்த முதல் வாக்கியத்தை எழுதத்தான் கை ஓடவில்லை. தராசு படித்துவிட்டு 'ஏன் சார் இப்படி உங்க தலைல நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க' என்றான். புத்தகங்களைச் சாக்கில் கட்டும் வேலை இந்த மாதம் என் முறை, நானே கட்டுவேன். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வரமாட்டேன், எடுத்து வந்து உன் மேசையில் வைத்தது போதும்.

நாற்காலியில் ஒரே வாட்டமாக உட்கார்ந்து வேலை பார்க்காதே, இடுப்பு வலி என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாயாம், எனக்கும் காது கேட்கும். குளிருக்கு நல்ல காலுறை வாங்கு. மாமா கூப்பிட்டால் மரியாதையாகப் பேசு, அவனிடம் இருக்கும் பகை என்னோடு போகட்டும்.

திங்கட்கிழமைக்குள் நிர்வாகியிடமிருந்து உனக்கு மின்னஞ்சல் வரும், நான் எழுதிக் கொடுத்ததைச் சரிபார்க்க, படித்தீர்களா என்று கேட்பார். இல்லை என்று எழுது. அப்பாவுக்காக என்று அதோடு எதையும் சேர்க்காதே. நீ என்னைக் காப்பாற்றவில்லை என்று ஒருநாளும் நினைக்க மாட்டேன், படிக்கவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டுதான் இருப்பேன், அந்தக் குறையை எனக்கு விட்டுவை. நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் பொய் சொல்லத் தேவையில்லாத வாழ்வும் உனக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா