சுவரில் தொங்கும் வண்டியின் தேய்மானம்

அன்புத் தங்கச்சிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டிருக்கிறோம். நீயும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியவேண்டும். போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்" எனக்குப் போதாது. அதுவுமில்லாமல் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஸ்பேனர் பிடிக்கிற கை இப்படித்தான் எழுதும்.

கடை ஓடுகிறது. மழை விட்டதும் மலைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வாடகைக்கு விடுகிற பேட்டரி சைக்கிள்கள் காலையில் பளபளவென்று போகின்றன, சாயங்காலம் சேறு பூசிக்கொண்டு வருகின்றன. மோட்டார் இருக்கிறதே, மேட்டில் அதுவே இழுத்துக்கொள்ளும் என்று கியரைத் தொடுவதே இல்லை, செயினைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். போன வாரம் ஒரு மகராசன் வண்டியை ஓடைக்குள் இறக்கி, மோட்டார் முங்க நிறுத்திவைத்துப் போட்டோ எடுத்திருக்கிறார். உன் மாமா ரொம்பப் பணிவாக, "சார், இது மீன் இல்லீங்க, தண்ணியில விடுறதுக்கு" என்றார். அந்த மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து, பேரிங் மாற்றி, சீல் மாற்றி முடிப்பதற்குள் என் முதுகு கழன்றுவிட்டது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளையின் வண்டியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். நீ வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்பிப்போனபோது சொன்னபடியே, எந்த நிமிஷம் அவர் வந்து கேட்டாலும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி வைத்திருக்கிறேன். மேல்பாதை மழைக்குப் பிறகு எப்படி இருக்கிறது, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று காலையில் போனவர். தேடுதல் குழு மலை முழுக்கச் சலித்தும் அவரைக் காணவில்லை. ஓடைக்கரையில் மரத்தில் சாத்திய வண்டி மட்டும் கிடைத்தது, அதுவும் ஹேண்டில்பார் திரையில் விளக்கு எரிந்தபடி. ஓடை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னோடு சேர்ந்து நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

முழு சர்வீஸ் செய்துவிட்டேன். புதுச் செயின், முன்னும் பின்னும் புது பிரேக் பேட், கம்பிகள் எல்லாம் இழுத்துக் கட்டி, மோட்டார் சீலுக்குக் கிரீஸ் வைத்து, பின் சுவர்க் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். பேட்டரியைத் தனியாகக் கழற்றி இரும்பு அலமாரியில் பூட்டியாயிற்று. சாவி என் இடுப்பில்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நேற்று தூசி தட்டலாம் என்று இறக்கினேன். பின்சக்கரத்தைச் சுற்றினால் உரசல் சத்தம். கழற்றிப் பார்த்தால் பின் பேட் பாதிக்குமேல் தேய்ந்திருக்கிறது. முன் பேட் நான் போட்டபடி புதுசாகவே இருக்கிறது. உனக்கு இது புரியும். கடையில் எல்லோரும் அவரைப் 'பின்பிரேக் மாப்பிள்ளை' என்று கிண்டல் செய்வோமே. முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்த்துவிடும் என்று பயந்து, எவ்வளவு சொன்னாலும் பின் பிரேக்கிலேயே மலை முழுக்க இறங்கி வருவார். பேட் சாய்வாகத் தேயும், வெளிப்பக்கம் கூடுதலாக. அப்படியேதான் தேய்ந்திருக்கிறது. நான்தான் மறதியாகப் பழைய பேடையே மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. வயசாகிறதல்லவா.

புது பேட் போட்டுவிட்டேன். நீ கவலைப்படாமல் சாப்பிடு. லீவு கிடைத்தால் வந்து கொஞ்ச நாள் என்னோடு இரேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா

*

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது, ஆனால் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாய். இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். அதனால் உன்னிடம் எதையும் மறைக்கப்போவதில்லை.

நான் மறதியாக மாட்டவில்லை. புது பேட் மறுபடி தேய்ந்தது. மறுபடி மாற்றினேன், மறுபடி தேய்ந்தது. கொக்கியில் தொங்குகிற வண்டி. பேட்டரி அலமாரிக்குள் பூட்டியபடி, சார்ஜ் ஒரு பொட்டுக் குறையாமல் இருக்கிறது. உன் மாமா முதலில் எலி என்றார். எலி பிரேக் பிடிக்குமா என்று கேட்டேன். பிறகு யாரோ திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டுகிறார்கள் என்றார். சரி என்று பக்கத்து வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு, வண்டியைக் கொக்கியோடு சேர்த்துத் தடிச்சங்கிலி போட்டு, பூட்டுக்குப் பதில் வளையத்தையே பற்றவைத்துவிட்டோம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, வண்டி ஓடிப்போயிடும்னா பயப்படுறீங்க?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

காலையில் வந்து பார்த்தேன். சங்கிலி அப்படியே இருந்தது, பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. டயரின் பள்ளங்களில் சேறு, ஈரமாக. அந்தச் செம்மண் நம் கடைப்பக்கம் கிடையாது, ஓடைக்கு மேலேதான் உண்டு. செயினை அளந்து பார்த்தேன், இழுபட்டு நீண்டிருந்தது. சின்னப் பல்சக்கரங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. ஏற்றத்திலும் கியர் மாற்றச் சோம்பல்பட்டு மோட்டாரை நம்பியே மிதிக்கிறவர் யார் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இடது பெடலின் ஓரம் மழுங்கியிருந்தது. அவர் இடது காலைச் சாய்த்து வைப்பார்.

வாடகைக்குப் போய்வருகிற வண்டியைப் பார்த்தால் ஓட்டினவர் குண்டா ஒல்லியா, தைரியசாலியா பயந்தாங்கொள்ளியா என்று நான் சொல்லிவிடுவேன். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு ஏறினாரா என்றுகூடச் சில சமயம் தெரிந்துவிடும், கியரைப் போட்டு உடைத்திருப்பார். அப்படியிருக்க, பத்து வருஷம் என் பக்கத்திலேயே நின்று வேலை செய்த மனிதரின் தேய்மானம் எனக்குத் தெரியாதா?

பயமாக இல்லையா என்று கேட்டிருக்கிறாய். முதலில் உடம்பெல்லாம் சில்லிட்டது. பிறகு ஒரு பெரிய நிம்மதி வந்தது, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பேடைக் கையில் வைத்துக்கொண்டு, வந்துட்டுத்தான் போறாரு, வந்துட்டுத்தான் போறாரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் மாமா என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் இப்போது பின் சுவர்ப் பக்கமே வருவதில்லை.

நல்ல டயராகப் போடு, வழுக்கிவிடப் போகிறார் என்று எழுதியிருந்தாய். போட்டுவிட்டேன். ஈரத்தில் பிடிக்கிற பட்டன் டயர், காற்று கொஞ்சம் குறைவாக. செயினுக்கு மழை எண்ணெய் விட்டேன். கடையில் முதல் வேலை இப்போது அதுதான். வாடகைக்காரர்கள் காத்திருக்கட்டும். எங்கேயோ இருட்டில் ஒரு மனிதர் என் பிரேக்கை நம்பி இறங்கிக்கொண்டிருக்கிறார். அதை அரைகுறையாகச் செய்ய எனக்கு மனசு வருமா?

நீ வரும்போது நாம் இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த வண்டியைத் துடைக்கலாம். சீக்கிரம் வா.

அன்புடன்,
அக்கா

*

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

லீவு கிடைத்துவிட்டது, அவருடைய வண்டியிலேயே ஓடைவரைக்கும் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், தயாராக வை என்று நீ எழுதிய கடிதம் இன்று மதியம் வந்தது. அதைப் படித்ததும் டயர் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் வண்டி நேற்றே உனக்காகத் தயாராகிவிட்டிருந்தது. அதைத் தயார் செய்தது நான் இல்லை.

வாரத் தொடக்கத்திலிருந்து தினமும் காலையில் சீட் இறங்கியிருக்கிறது. அவருடைய உயரத்துக்குச் சீட் கம்பியில் ஒரு கீறல் போட்டிருப்பார், நான் அதற்கு நேராக ஏற்றி இறுக்கிவிட்டுப் போவேன். காலையில் பார்த்தால் நான்கு விரற்கடை கீழே. சரி, பிடி தளர்ந்துவிட்டது என்று புதுப் பிடியே போட்டேன். மறுநாளும் அதே இடத்தில். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த உயரம் யாருடையது என்று எனக்குத் தெரியும், ஆனால் மனசு அதைச் சொல்ல விடவில்லை. உன் முதல் சைக்கிளிலிருந்து உனக்குச் சீட் வைத்துக் கொடுப்பது நான்தானே.

நேற்று பிரேக் பிடிகளைப் பார்த்தேன். இரண்டும் ஹேண்டில்பாரை ஒட்டி உள்ளே வந்திருந்தன. அது தானாக நடக்காது. உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது, மெல்லிய ஆலன் கீயை நுழைத்துப் பொறுமையாகத் திருப்பவேண்டும். விரல் குட்டையாக இருப்பவர்களுக்குத்தான் அப்படி வைத்துக் கொடுப்போம். நம் குடும்பத்தில் விரல் குட்டை உனக்கு மட்டும்தான். நீ லீவுக்கு எழுதிக்கொடுத்ததே எனக்கு இன்றுதான் தெரியும். அவருக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் செய்தேன். நேற்றே வெல்டிங் கடைக்காரரை அழைத்து, சங்கிலியை வெட்டி, வண்டியை இறக்கினோம். மோட்டாரைக் கழற்றிப் பிரித்தேன். சக்கரங்களின் கம்பிகளை உருவிப்போட்டேன். சட்டத்தை வெல்டிங்காரர் நடுவில் அறுத்துக் கொடுத்தார். அறுக்கும்போது அவருக்கு வியர்த்து ஊற்றியது, ஆனால் கூலி வேண்டாம் என்றுவிட்டார். நல்ல மனிதர். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டேன். ஒழுங்காக ஓடுகிற வண்டியைக் கையால் கொல்வது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இன்று காலை பெட்டிகள் போட்டது போட்டபடி கிடந்தன. அப்பாடா என்று வாடகை வண்டிகளை வெளியே எடுக்கப் போனேன். வரிசையில் முதல் வண்டியின் சீட் இறங்கியிருந்தது. உன் உயரம். அதற்கடுத்ததும். அதற்கடுத்ததும். கடையில் இருக்கிற ஒவ்வொரு வண்டியிலும் சீட் உன் உயரத்தில் நிற்கிறது, பிரேக் பிடிகள் உன் விரலுக்கு எட்டும்படி உள்ளே வந்திருக்கின்றன. உன் மாமா ஒவ்வொன்றாக ஏற்றி வைக்கப் பார்த்தார். பாதியில் கையை உதறிவிட்டு, "அவளை வரச்சொல்லாத, சொல்லிடு" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் எழுதப்போகிறேன்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அவரைப் பற்றி நான் ஒருநாளும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். அவருக்கு உன்மேல் உயிர். அங்கே தனியாக ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது, துணைக்குக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்கள் எங்கே போய்ச் சேருவார்கள் என்று அவர் யோசிக்கவில்லையே! நல்ல டயர் போட்டு, எண்ணெய் விட்டு, பேட் மாற்றி, அவரை இத்தனை நாள் ஓடவைத்தது நாம்தான். நிறுத்தியிருந்தால் அவரும் இறங்கி எங்காவது இளைப்பாறியிருப்பாரோ என்னவோ.

ஒவ்வொரு கடிதத்திலும் வா வா என்று எழுதியவள் இப்படி எழுதுகிறேன். வராதே, கண்ணே. டிக்கெட் எடுத்திருந்தால் கிழித்துப்போடு. நானே அழுது போன் செய்தாலும் வராதே, கடைக்கு என்ன ஆனாலும் வராதே. உன்னைப் பார்க்காமல் எனக்கு எப்படி இருக்கும் என்று கேட்காதே, அதை எழுதினால் வந்துவிடுவாய். என்னைத் திட்டு. வண்டியை வெட்டிப் போட்ட பாவி என்று சொல். இனிமேல் எனக்குக் கடிதமே போடாமல் இரு. அங்கேயே, அந்தச் சமதரையான ஊரிலேயே, என்மேல் தீராத கோபத்தோடு நீ தலைநரைத்துக் கிழவியாகவேண்டும். அக்காவின் ஆசீர்வாதம் அதுதான்.

அக்கா