கண்வலிக் காலத்து ராட்டினம்

சங்கரன்கோவில்,
ஆடி, 1981

கோமு அப்பாவுக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. ஆடித்தபசுக்குப் புளியங்குடியிலிருந்து வாரதாகவும், பிள்ளையை ராட்டினத்துல ஏத்தணும்னும் எழுதியிருந்தீங்க. பிள்ளையைப் பத்தி மட்டுந்தான் எழுதியிருந்தீங்க.

இங்கன ஊர் பூரா மெட்ராஸ் ஐ. பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. பார்த்தாலே ஒட்டிக்கிடும்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதில்லை. "பார்த்தா ஒட்டாதும்மா, கண்டதையும் தொட்ட கையால கண்ணைக் கசக்குனாத்தான் ஒட்டும்"னு டாக்டர் சொல்லுதாரு. யாரு கேக்கா? எங்க அம்மா இந்த வருசம் திருவிழாப் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டா.

ஆனா ராட்டினக்காரன் வந்து தொட்டிலை மாட்டிட்டான். கோமு மாடியில நின்னு அதையே பார்க்கா. "அப்பா வந்தா ஏறுவோம்லா?"ன்னு நேத்தும் கேட்டா. நான் ஒரு வாரமா பதில் சொல்லலை. கண்வலிக்குப் பயந்துதான்னு வச்சுக்கிடுங்க.

இன்னைக்கு ராட்டினக்காரன்ட்ட விசாரிச்சேன். ஒரு தொட்டில்ல மூணு பேர் தாராளமா உக்காரலாமாம். கம்பியைப் பிடிச்ச கையைக் கண்ணுல வைக்கமாட்டேன்னு கோமு சத்தியம் பண்ணியிருக்கா. இறங்கினதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

கடைத்தெருவுல கறுப்புக் கண்ணாடி ஒண்ணு வாங்கினேன். டாக்டர் அது தேவையில்லைங்காரு. எனக்குத் தேவை இருக்கு. "இனி உங்க முகத்துல முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறினவ நான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தா அது முழிச்சதாகாது.

சொன்ன சொல் மாறாத,
உங்க பிடிவாதக்காரி