அமாவாசையில் போன வண்டி

பொம்மனஹள்ளி, பெங்களூரு
24.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ரீகண்டன் நமஸ்காரம். ஃபோனில் பேசினால் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். வாயால் சொல்லும் தைரியமும் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஷோரூமிலிருந்து ஒரு புதுக் கார் போய்விட்டது. பூட்டை உடைத்துக் கொண்டுபோகவில்லை. மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நாங்களே வழியனுப்பினோம். வாங்கியவர் மண்டியாக்காரர், பெயர் சஞ்சய் என்றார். ஆதார், பேங்க் கடன் ஒப்புதல் எல்லாம் காட்டினார். பணம் மறுநாள் வந்துவிடும், ஆனால் இன்று அமாவாசை, இன்றே வண்டி வேண்டும் என்றார். நல்ல நாள் பார்க்கிற மனிதர் என்று நினைத்து நானும் கையெழுத்துப் போட்டேன். பேங்கில் கேட்டால் அப்படி ஒரு கடனே இல்லை. ஆதாரும் பொய். புகார் கொடுத்தாயிற்று. போலீஸ் மண்டியாவில் தேடுகிறது.

ஷோரூம் முதலாளி வனஜா மேடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை. எழுபத்தொரு வயதில் எனக்கு எதற்கு இந்தக் காகிதம் சரிபார்க்கும் வேலை? 'கிருஷ்ணகிரிக்கு வந்து என்னோடு இரு' என்று நீயும் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். வண்டி கிடைக்காவிட்டால் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

உன் தம்பி,
ஸ்ரீகண்டன்


கிருஷ்ணகிரி
26.11.2025

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பின் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். நீ வருவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மண்டியாக்காரன் அமாவாசையில் புது வண்டி எடுப்பானாடா? நாம் மல்லேஸ்வரத்தில் வளர்ந்தபோது எதிர் வீட்டுக் கன்னடக்காரர்கள் அமாவாசையன்று ஒரு குடம்கூட வாங்கமாட்டார்களே, மறந்துவிட்டாயா? நமக்குத்தான் அது நிறைந்த நாள். வேறொரு நாளாக இருந்தால் உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நம் வீட்டு வழக்கத்தையே அவன் சொன்னதால் தலையாட்டிவிட்டாய். அவன் நம் பக்கத்து ஆள். மண்டியாவில் தேடினால் கரும்புதான் கிடைக்கும்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொள்.

ஜெயா


பொம்மனஹள்ளி
28.11.2025

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. உன் கடிதத்தை ஷோரூமில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். ஆமாம், நான்தான்! விற்பனைப் பிரிவில் இருக்கும் சுஹாஸ் துள்ளி எழுந்தான்.

"கரெக்ட் சார்! அமாவாசைன்னா எங்கம்மா என்னைப் பழைய பைக்கையே தொட விடமாட்டாங்க. அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட ஹேளோக்கே பயம்."

சொல்லப் பயமாம். என்னைப் பார்த்து ஒருவன் பயந்திருக்கிறான்!

பிறகு நடந்ததைக் கேள். சுங்கச்சாவடிக்காகக் கண்ணாடியில் ஒட்டுகிறோமே ஃபாஸ்டாக், அதற்கு அந்த ஆள் கொடுத்த நம்பரில் ஓடிபி வரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினான். அப்போதைக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டேன். செய்யக்கூடாத காரியம். மறுநாள் மாற்றலாம் என்றிருந்து மறந்தும் போனேன். வண்டி தமிழ்நாட்டுப் பக்கம் போயிருந்தால் சுங்கம் கட்டியிருக்குமே என்று நினைத்தபோதுதான் அது உறைத்தது. விளம்பரம் என்று நான் திறக்காத குறுஞ்செய்திகளைத் திறந்தேன். அத்திப்பள்ளியில் சுங்கம் கழிந்திருந்தது. அதன்பின் கிருஷ்ணகிரி. அதன்பின் ஒன்றுமே இல்லை! அடுத்த சாவடிகள் வாணியம்பாடியும் இல்லை, தொப்பூரும் இல்லை. வண்டி உங்கள் ஊரைத் தாண்டவில்லை, அக்கா!

இன்ஸ்பெக்டரிடம் எல்லாம் கொடுத்துவிட்டோம். இரண்டாவது சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. பணம் வராமல் அதைத் தரமாட்டேன் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். சுஹாஸ் அன்று கேலி செய்தான்.

கார் கரும்பச்சை நிறம். தகவலுக்காக மட்டுமே சொல்கிறேன். நீ எங்கும் போகவேண்டாம்.

ஸ்ரீகண்டன்


கிருஷ்ணகிரி
1.12.2025

ஸ்ரீகண்டா,

போய்விட்டு வந்தேன்.

அடுத்த தெரு சரவணன் ஆட்டோவில், பழைய கார் விற்கும் இடம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். தம்பிக்கு வண்டி வேண்டும் என்றேன், பொய் இல்லையே. பைபாஸ் ஓரம் ஒரு கடையில் கரும்பச்சைக் கார் நின்றது. புத்தம் புதுசு, ஆனால் தமிழ்நாட்டு நம்பர். கடைக்காரர் சொன்னதையெல்லாம் சரவணன்தான் என் காதுக்குள் கத்தினான்.

"இன்னொரு சாவி எங்கேப்பா?" என்றேன்.

"தொலைஞ்சிடுச்சு பாட்டி. ஒரு சாவி போதாதா? நீங்களா ஓட்டப் போறீங்க?"

"ஏன், ஓட்டினா என்ன?" என்று கேட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அதற்குள் சரவணன் ஃபோட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டான். வந்திருக்குமே?

பாட்டியாம்! எழுபத்தைந்து ஒரு வயதா?

ஜெயா


பொம்மனஹள்ளி
4.12.2025

அக்கா,

கிடைத்துவிட்டது!

நேற்று இன்ஸ்பெக்டர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். கிருஷ்ணகிரி போலீஸாரும் வந்திருந்தார்கள். கடைக்காரர், "இது வேற வண்டி சார், நேர்மையா வாங்கினது" என்று சத்தம் போட்டார். எனக்கு வழக்கம்போல அவர் சொல்வதுதான் உண்மையோ என்று தோன்றிவிட்டது. ஊரில் ஒரே ஒரு பச்சைக் காரா இருக்கும்? சாவியைப் பையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்ஸ்பெக்டர் கன்னடத்தில், "ஒத்தி சார், ஒத்தி!" என்று அழுத்தச் சொன்னார்.

அழுத்தினேன். அக்கா, அந்த வண்டி இரண்டு விளக்கையும் சிமிட்டி, கீக் என்று குரல் கொடுத்தது! சேஸிஸ் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாக நான்தான் படித்துச் சொன்னேன். பொருந்தியது. தங்களுக்கு விற்றவனையும் கடையில் அடையாளம் காட்டிவிட்டார்கள், சஞ்சய் என்று வந்தவனேதான். கோர்ட்டில் மனுப் போட்டு வண்டியை விடுவித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

உன் தெருவைத் தாண்டித்தான் திரும்பினோம். ஜீப்பை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. அந்த அளவுக்கு இன்னும் மாறவில்லை நான்.

வண்டி கிடைக்காது என்று நினைத்து நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்த ராஜினாமாவை வனஜா மேடம் இப்போதுதான் படித்துவிட்டு, "தமிழ் நல்லா இருக்கு சார். இனிமே டெலிவரி விதிமுறையையும் நீங்களே எழுதிடுங்க. நீங்க சரின்னு சொல்லாம ஒரு வண்டி வெளியே போகாது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உனக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேனே. நீ அறைக்கு வெள்ளைகூட அடித்துவிட்டாய். என்ன செய்யட்டும்?

ஸ்ரீகண்டன்


கிருஷ்ணகிரி
6.12.2025

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு,

பின் அறையைச் சரவணனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். நேற்றே பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டான். ஆகவே உனக்கு இங்கே இடமில்லை.

எனக்குக் காது மந்தமாகி நீ கடிதம் எழுதத் தொடங்கிய இந்த இரண்டு வருஷத்தில் ஆச்சரியக்குறி போட்டு நீ எனக்கு எழுதியதே இல்லை. இப்போதுதான் போடுகிறாய். அதை இங்கே கொண்டுவந்து என்ன செய்யப் போகிறாய்?

கூடத்தில் ஒரு பாய் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி அமாவாசை, வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் இரு. மூன்றாம் நாள் காலை சரவணன் உன்னை பஸ் ஏற்றிவிடுவான், சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை உனக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
பாட்டி அல்ல,
உன் அக்கா ஜெயலக்ஷ்மி