கேட்காமலே வெளுத்த படம்

என் கருப்பட்டி அக்காவுக்கு,

நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்த சனம் சாப்பிட்டுப் போய்விட்டது, வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் கோபம் இன்னும் அடங்கவில்லை. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

படத்திறப்புக்கு உன் படத்தை நான்தான் தயார் செய்தேன். பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற தங்கச்சி இருக்கும்போது வேறு யார் செய்வது? போன பொங்கலுக்கு உன் குரும்பலூர் வீட்டு வாசலில் எடுத்த படம். மக்காச்சோளம் உரித்துக்கொண்டே நிமிர்ந்து, "எந்நேரமும் என்னடி போட்டோ"ன்னு திட்டினாயே, அந்த முகம்.

என் கடைத் திரையை நம்பலாம் அக்கா. மாதாமாதம் ஒரு சின்னக் கருவியை அதன்மேல் தொங்கவிட்டு நிறத்தை அளந்து சரிசெய்துவிடுவேன். அரியலூர் லேபில் அச்சடிக்கிற தாளுக்கான புரொஃபைலும் என்னிடம் இருக்கிறது. அந்தத் தாள் எந்த நிறத்தை எப்படி வாங்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கோப்பு அது. அதைப் போட்டுப் பார்த்தேன். வெயில் ஏறிய நெற்றி, கழுத்து மடிப்பு, எல்லாம் நீயே. அனுப்பிவிட்டேன்.

வந்த பார்சலைப் பிரித்தால், யார் இவள்? ரோஸ் பவுடர் அப்பின ஒருத்தி உன் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்!

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். திரையை மறுபடி அளந்தேன். டியூப்லைட் ஏமாற்றும் என்று படத்தை வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். புடவையின் பச்சை இம்மி பிசகவில்லை. பின்னால் இருந்த சுவரின் நீலம் அப்படியே இருந்தது. முகமும் கையும் மட்டும் வேறு. மெஷின் தப்பு செய்தால் எல்லா நிறமும் சேர்ந்துதானே கெடும்? இது எவனோ கைவைத்த வேலை.

மாமாவிடம் காட்டினேன். உன் புருஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"நல்லாத்தான இருக்கு புள்ள? மகாலட்சுமி கணக்கா இருக்கா. ஊரு ஒறவெல்லாம் பாக்குற படம். நாளன்னிக்கு காரியத்த வெச்சுக்கிட்டு ஏன் அலையுற, வுடு."

உன் மகள் மலர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாவது படிக்கிறவள், விவரம் தெரிந்தவள். "அம்மா கலரு நல்லால்லன்னு யாரு சித்தி சொன்னா?" என்றாள். மறுநாள் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறிவிட்டேன்.

லேபில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "டெத் படம்தான மேடம்? அதுக்கு மூஞ்சிய ரெண்டு பாயிண்ட் வெளுப்பு ஏத்திடுவோம். யாரும் கேக்க வேணாம், நாங்களே செஞ்சு குடுத்துடுறது. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"செத்தவங்க வந்து சொல்லுவாங்களா?" என்றேன்.

"கோவப்படாதீங்க. நல்லா இருக்கட்டும்னுதான்..."

"எங்கக்கா நல்லாத்தான் இருந்தா! அவ நல்லால்லன்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். என்ன அநியாயம் இது? அந்த மனுஷன் கையும் என் கையைப்போலக் கருப்புதான் அக்கா. ஒருத்தரும் கேட்காமலே இந்த ஜில்லாவில் எத்தனை பேரை வெளுத்துச் சுவரில் மாட்ட அனுப்பியிருப்பார்!

கத்திக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன்னை முதலில் வெளுத்தது நான்தானே.

ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வரன் பார்க்கக் கொடுத்த உன் போட்டோவில் நான் கற்ற வித்தையை எல்லாம் காட்டினேன். ஆசையாகத்தான் செய்தேன். அரியலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நீ காபித் தட்டோடு எதிரில் நிற்கிறாய். மாப்பிள்ளையின் அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருந்த பொண்ணைக் கூப்புடுங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு நீ அழவில்லை. "என்னயக் கேட்டியாடி? நான் செத்தாலும் என் மூஞ்சியில கை வெக்காத" என்றாய். அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இத்தனை வருஷம் இருந்ததே!

"ஒரு கரெக்‌ஷனும் வேணாம். நான் அனுப்புனது அப்படியே வரணும்" என்று அந்த லேப்காரரிடம் சொன்னேன். அவர் முதலில் ஒரு சின்னத் துண்டு அச்சடித்துக் கொடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனோம். மலர் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். உன் நிறத்தைத்தான் அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்திருக்கிறாளே. "இதான் சித்தி" என்றாள்.

பெரிய படத்தைச் சுற்றிக் கொடுக்கும்போது அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கம்மா படத்தையும் நான்தான் ஏத்துனேன் மேடம்."

நேற்று துணியை விலக்கினார்கள். "கொஞ்சம் வெளிச்சமா போட்டுருக்கலாம்" என்று பின்னால் ஒரு குரல். "எங்கம்மா இப்படித்தான் இருப்பாங்க" என்றாள் மலர், எல்லோருக்கும் கேட்கும்படி. மாமா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப் படத்தைப் பார்த்தபோது அவர் அழவில்லை அக்கா.

இனி என் கடையில் கேட்காமல் யார் முகத்தையும் தொடமாட்டேன். வெளுக்கச் சொல்லிக் கேட்டாலும், "எதுக்கு?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்பேன். நாளைக்கு மலரைப் போட்டோ எடுத்தால், அவள் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொடுப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

போட்டோவில் இருந்த பொண்ணைக் கூப்பிடுங்கள் என்று அந்த அரியலூர்க்காரி கேட்டாளே. நேற்று கூப்பிட்டேன் அக்கா. நீதான் வந்தாய்.

உன் நிறத்திலேயே பிறந்த தங்கச்சி,
ராணி