பெட்டியில் வந்த வீடு

ஊர்காவற்றுறை
22.7.1980

அன்புள்ள மகன் அம்புறோசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தேவமாதாவின் புண்ணியத்தில் நானும் கொப்பரும் தங்கச்சி மாக்கிறேற்றும் சுகம், ஆடுகளும் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று நாள் தவறாமல் செபமாலை சொல்லுகிறேன். நோர்வேயில் இப்போது கோடை என்று எழுதியிருந்தாய், உங்கள் கோடையை நான் நம்பமாட்டேன், கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. நீ அனுப்பிய வீடும் வந்து சேர்ந்தது. அதன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆறுதலாக இருந்து வாசி.

ஊரிலே பிள்ளைகள் தாய்க்குச் சேலை அனுப்புகிறார்கள், மணிக்கூடு அனுப்புகிறார்கள், நீ சுவர் அனுப்பியிருக்கிறாய். லொறிக்காரன் படலையில் நின்று, ‘அம்மா, உங்கடை வீட்டை எங்கை இறக்கிறது’ என்று கேட்டான். இருக்கிற வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் இறக்கச் சொன்னேன். பலகை பலகையாக, இரண்டு பக்கமும் தகடு, நடுவிலே வெள்ளையாய் நுரை மாதிரி ஒன்று, பூதங்கள் தின்கிற கிறீம் பிஸ்கற் போலக் கிடந்தது. நீ வேலை செய்யும் மீன் தொழிற்சாலையிலே குளிர் அறைக்குச் சுவர் வைக்கிற பலகை இதுதான், வெயில் உள்ளே ஏறாது, கல்லும் வேண்டாம் மேசனும் வேண்டாம், திருகாணியைப் பூட்டினால் வீடு என்று எழுதியிருந்தாய். மீனை வைக்கிற பெட்டியில் தங்கச்சியைக் குடிவைக்க நினைத்த உன் அன்பை நான் யாரிடம் சொல்ல. பத்திநாதர் தன் மகன் சவிரிமுத்துவுக்கு மாக்கிறேற்றைக் கேட்டு வந்தபோது பெண்ணோடு ஒரு வீடு தருவோம் என்றுதான் நாங்கள் சொன்னோம், அவர் கல்வீடு என்று நினைத்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கொப்பரை உனக்குத் தெரியும், நோர்வேயிலிருந்து காய்ச்சல் வந்தாலும் நல்ல காய்ச்சல் என்பார். மேசன் நிலத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டு, சுவர் வைக்க ஆள் வேண்டாமோ என்று சிரித்துக்கொண்டே கேட்டான். ‘என்ரை மகன் படம் கீறி அனுப்பியிருக்கிறான், எனக்கு விளங்கும்’ என்றார் இவர். விளங்கின விளக்கத்திலே குசினி யன்னல் நிலத்தோடு வந்தது, கோழி தலையை நீட்டி உள்ளே பார்த்தது. கதவு வெளியிலிருந்து மட்டும் திறந்தது. அடுத்த வீட்டுப் பிலோமினம்மா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ‘மழைக்குக் கரையாதோ கத்தரீனா’ என்றாள், கரைஞ்சால் தேத்தண்ணியிலை போட்டுக் குடிப்பம் என்றேன். பிறகு ஓரத்து நுரையைக் காகங்கள் கொத்தத் தொடங்கின, சோளகக் காற்றுக்கு அது ஒழுங்கை முழுக்கப் பறந்தது. நீ எழுதுகிற பனியை நாங்களும் கண்டோம்.

அப்போதுதான் சவிரிமுத்து வந்தார். துறையிலே மோட்டர் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர் அல்லவா, ஒழுங்கையால் போனபோது எங்கள் யன்னலைப் பார்த்திருக்கிறார், பொறுக்கமுடியவில்லை. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டு வளவுக்குள் வருவது முறையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பத்திநாதருக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். கொப்பர் பூட்டினதெல்லாவற்றையும் சவிரிமுத்து கழற்றி முதலிலிருந்து தொடங்கினார். பலகையை ஒரு பக்கம் மாக்கிறேற் பிடிக்க மற்றப் பக்கம் அவர் பூட்டுவார், நடுவிலே சுவர் இருக்கிறதே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு சுவரைப் பூட்ட அவ்வளவு நேரம் எடுக்காது மகனே. காகத்துக்கு எட்டாமல் ஓரமெல்லாம் தகரம் மடித்து அடித்தார். வீடு நிமிர்ந்து நின்றது, கோழிக்கும் யன்னல் எட்டவில்லை.

வீடு முடிந்ததென்று கேள்விப்பட்டுப் பத்திநாதர் குடையோடு வந்தார். நல்ல மத்தியான வெயில். வெளியிலே நின்றபடியே சுவரை விரலால் தட்டினார், டொம் டொம் என்றது. கொப்பரைப் பார்த்து, ‘பஸ்ரியாம்பிள்ளை, இது வீடோ கருவாட்டுப் பெட்டியோ? என்ரை ஆக்கள் வந்தால் சிரிப்பினம். கல்வீடு எண்டால் கலியாணம், இல்லையெண்டால் நான் வேறை இடம் பாக்கவேணும்’ என்றார். மாக்கிறேற் புது வீட்டுக் குசினிக்குள் ஒதுங்கினாள். இதைவிட மோசமாக நானே அந்த வீட்டைப் பேசியிருக்கிறேன், ஒளிக்கவில்லை. ஆனால் நான் பெற்றவள், பேசலாம். குளிரிலே நின்று மீன் வெட்டி என் பிள்ளை அனுப்பினதை இன்னொருவர் தட்டிப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘வெளியிலை நிண்டு தட்டாமல் உள்ளுக்கை வந்திருந்து கதையுங்கோ’ என்று சாய்மனைக் கதிரையைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். பத்திநாதர் தன் தகப்பனார் கட்டின கல்வீட்டின் பெருமையைத் தொடங்கினார், கதையிலே முன்விறாந்தை முடிந்து மண்டபத்துக்கு வந்தார், அந்தக் குளிர்மைக்கு மண்டபத்திலேயே நித்திரையாகிப் போனார். குறட்டைக்குத் தகடு அதிர்ந்தது. எழும்பி வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி யோசிச்சனான் என்றார், யோசித்தும் இது வீடில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சவிரிமுத்து திருகாணிப் பொட்டலத்தோடு குசினிப் பக்கத்தால் உள்ளே வந்தார். தகப்பனைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். ‘உனக்கு இங்கை என்ன வேலை’ என்று பத்திநாதர் கேட்க, வழியாலே போனேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பொடியன் தப்பவில்லை. ‘ஐயா, இந்த வீட்டைப் பூட்டினது நான். இதிலை பிழையெண்டால் அது என்ரை பிழை. நான் இருக்கப்போறதும் இதிலைதான்’ என்றார். எங்கள் மாக்கிறேற், குசினிக்கு வெளியே குரல் கேட்காத பிள்ளை, கதவைப் பிடித்துக்கொண்டு, ‘மாமா, கல்வீடு உங்களிட்டை கிடக்குத்தானே, அதிலை நீங்கள் இருங்கோ, நாங்கள் வந்து பாக்கிறம்’ என்றாள். பத்திநாதர் குடையையும் மறந்து வெயிலுக்குள் இறங்கிப் போனார். கலியாணம் குழம்பினதென்றே நினைத்தோம், கொப்பர் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியப் பத்திநாதர் பிலோமினம்மாவிடம் சொல்லியனுப்பினார். றோட்டைப் பார்த்தபடி முன்னுக்குக் கல்லிலே ஒரு விறாந்தையும் இரண்டு தூணும் வேண்டுமாம், பின்னால் என்ன கிடந்தாலும் பரவாயில்லையாம். இப்போது வீட்டுக்குக் கல் முகம், பிஸ்கற் உடம்பு, நம்முடைய ஊர்ப் பெரிய மனிதர் சிலரைப் போலவே இருக்கிறது. மேசனை மேய்க்கிறேன் என்று சம்மந்தியார் தினமும் வருகிறார், மத்தியானமானால் சுவரை உள்பக்கமும் பார்க்கவேண்டுமென்று சொல்லிச் சாய்மனைக் கதிரைக்குப் போய்விடுகிறார்.

கலியாணம் செப்ரெம்பர் கடைசியில். சுவாமியாருக்கும் சொல்லியாயிற்று. லீவு கிடைப்பது கஷ்டம் என்று எழுதியிருந்தாய். சுவரை அனுப்பினாய், கூரையை அனுப்பினாய், கோயிலில் தங்கச்சிக்குப் பக்கத்திலே நிற்கிற அண்ணனை எந்தக் கப்பலில் ஏற்றுவாய் என்று எழுது, லொறியை நான் பிடிக்கிறேன்.

இன்னொன்று. கடிதத்தின் கடைசி மூலையிலே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், அங்கே ஒரு துண்டு நிலம் பார்த்திருப்பதாகவும் இதே பலகையில் உனக்கும் ஒரு வீடு கட்டப்போவதாகவும் எழுதியிருந்தாய். கொப்பருக்கு அந்த இடத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. கட்ட வேண்டாமென்று சொல்ல நான் யார், பனிக்குள் நிற்கிற பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும்தானே. கர்த்தர் உன்னைக் காப்பார், தேவமாதா கூட நிற்பாள், நெஞ்சுச் சளிக்கு வேர்க்கொம்பு அவித்துக் குடி, ஞாயிறு பூசையை விடாதே. இந்த மாதிரி வீட்டைக் கழற்றிக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் பூட்டலாமாம், சவிரிமுத்து சொன்னார். ஆனபடியால் கட்டு மகனே, திருகாணிகளை மட்டும் மிகவும் இறுக்கிவிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
ப. கத்தரீனா