சீர் வண்டியின் சக்கரம்

புரட்டாசி 7, ஞாயிறு

விடியலில் தூறல். ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். சக்கரம் துடைத்தேன். முன் சக்கரம் முடிந்தது. பின் சக்கரத்தில் செயின் எண்ணெய் தெறித்த பக்கம் பாக்கி.

இது போன வருஷ டைரி. ஆத்தூர் ஜவ்வரிசி மண்டியில் மாமனாருக்குக் கொடுத்தது. அவர் எழுத மாட்டார். "மாப்ளைக்குப் பொழுது போகோணுமில்லீங்க" என்று என்னிடம் நீட்டினார். பொழுதாம் பொழுது. கிழமை எதுவும் ஒத்துவரவில்லை. அச்சடித்த தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன்.

ஈஸ்வரி ஒரே பெண். ஆண் பிள்ளை இல்லை. அதனால் நான் வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பையன், அப்பா ஒரு பேச்சுக்குக்கூட யோசிக்கவில்லை. சீரோடு சீராக இந்த மோட்டார் சைக்கிளும் வந்தது. இந்தப் பக்கத்தில் ஸ்போக்ஸ் கம்பி இல்லாத சக்கரம் இது ஒன்றுதான். ஒரே வார்ப்பு அலுமினியம். பார்க்கவே ஆள் வருகிறார்கள்.

நான் இந்த வீட்டில் தொடக் கூடாதவை: மண்வெட்டி, மாட்டுக் கயிறு, வாய்க்கால் மடை, சாப்பிட்ட தட்டு. கிணற்று மோட்டாரும் தொடக் கூடாது. ஐ.டி.ஐ.யில் நான் படித்ததே அந்த மாதிரி வேலைக்குத்தான். கையை வைப்பதற்குள் யாராவது ஓடி வருவார்கள். "ஐயோ, மாப்ளைங்க எதுக்குங்க? நாங்க இல்லீங்களா?" மரியாதையாலேயே ஒரு ஆளைக் கட்டிப்போடலாம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

வண்டி துடைக்கலாம். அது சீர்ப் பொருள், அதனால் கௌரவக் குறைச்சல் இல்லையாம்.

ஓட்ட? சாவி மாமனார் இடுப்பில், அரைஞாண் கயிற்றில். அவருக்கு ஓட்டத் தெரியாது. அவர் பின்னால் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும்.

புரட்டாசி 10, புதன்

மேகமூட்டம். மாமனாரோடு ராசிபுரம். உர மூட்டைக்குச் சொல்லிவைக்க.

வழி நெடுக என் தோளில் அவர் கை. "பொறுவாப் போங்க மாப்ளே. பள்ளம்ங்க மாப்ளே." சைக்கிள்காரன் ஒருவன் எங்களை முந்திக்கொண்டு போனான். சத்தியமாக.

டீக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். வழக்கம்தான். நாலு பேர் சக்கரத்தைச் சுற்றி நின்றார்கள்.

"மொகம் தெரியுதுங்களே!"

"என்ற மாப்ளை தொடைக்கறதுங்க. அவுருக்கு வேற வேல என்னங்க?"

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. போண்டா தின்றேன்.

அவர் வெற்றிலை வாங்கப் போனபோது சேலத்து நூல் ஏஜெண்ட் என் பக்கத்தில் வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த பாலிஷ் பட்டறைக்கு அடுத்த கடை அவருடையது. "சூசை மேஸ்திரி உங்களத் தேடறாருங்க. மிஷின்ல நின்ன ஆள் போயிட்டான். ஆயுத பூஜை கழிஞ்ச திங்கக்கெழம வந்தா இடம் உங்களுக்கு. இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்குவாராம்."

மாமனார் திரும்பி வந்தார். "என்னங்க பேச்சு?" "நூல் வெலைங்க மாமா."

திரும்பும்போது அவர் கை தோளில் இரும்பாகக் கனத்தது.

புரட்டாசி 13, சனி

வெயில். புரட்டாசிச் சனி, ஒரு பொழுது விரதம். பசி.

ஈஸ்வரியிடம் சொன்னேன். கிணற்றடியில், துணி அலசும் சத்தத்தில். அழுவாள் என்று நினைத்தேன். துணியைப் பிழிந்துகொண்டே, "அங்க ஊடு கெடைக்குமுங்களா?" என்றாள்.

"வருவியா?"

"எனக்கு மட்டும் இங்க என்னங்க இருக்குது? கல்யாணம் ஆயும் எங்கம்மாவக் கேட்டுட்டுத்தான் தலைக்கு ஊத்திக்கறேன். என்ன கொழம்புன்னு ஒரு நாளு நான் சொன்னதில்ல."

ஒன்றரை வருஷமாக ஒரே அறையில் இருக்கிறோம். இவளும் மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே பார்த்தேன், சக்கரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிட்டாள். அப்பாவிடம் நான்தான் பேச வேண்டும். அவள் பேசினால் பெண் புருஷனைக் கிளப்பிக்கொண்டு போகிறாள் என்று ஆகிவிடும். நியாயம்தான்.

"எப்பச் சொல்றீங்க?"

"பூஜை முடியட்டும்."

மத்தியானமே பட்டுச் சேலையைக் காற்றாட வைக்கிறேன் என்று டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டாள். அத்தையும் ஒரு கை பிடித்தார்.

சொல்ல வேண்டியது: மாமா, நான் சேலத்துல வேலைக்குப் போறேனுங்க, ஈஸ்வரியும் வாறா. இவ்வளவுதான். தோட்டத்துக்குப் போய்த் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. வரப்பில் மாமனார் எதிரே வந்தார். "சாப்டுட்டீங்களா மாப்ளே?" "ஆச்சுங்க மாமா." விரத நாளில்!

புரட்டாசி 16, செவ்வாய்

காற்று. நாளை ஆயுத பூஜை. வருஷா வருஷம் மாமனார் நாமக்கல்லில் பங்காளியின் லாரி ஷெட் பூஜைக்குப் போவார். இந்த வருஷம் வண்டியில் போகிறோம். சக்கரம் மின்ன வேண்டும் என்று உத்தரவு.

கம்பெனியில் அடித்த வார்னிஷ் மஞ்சளாகிப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்துகொண்டிருந்தது. போன வாரமே சுரண்டி எடுத்தாயிற்று. இன்று சோப்புத் தண்ணீரில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள், முதலில் சொரசொரப்பு, பிறகு நைஸ். அப்புறம் பித்தளைக்குப் போடும் பாலிஷ். வெண்ணந்தூர்த் தறியில் வாங்கிய வேஸ்ட் நூல் ஒரு பந்து. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாக வருகிறது. அது அழுக்கில்லை, அலுமினியமே அப்படித்தான் கறுக்கும். நூல் வெள்ளையாகவே திரும்பும் வரை தேய்க்க வேண்டும். கை போய்விட்டது.

கடைசியில் காருக்குப் போடும் மெழுகு பூச வேண்டும். டப்பா தீர்ந்துவிட்டது. சேலம் போனால்தான் கிடைக்கும். ஆக வார்னிஷும் இல்லை, மெழுகும் இல்லை, வெறும் உலோகம். ஒரு நாள் தாங்கும்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தேய்க்கிற நேரம் மட்டும் சந்தோஷமாக இருக்கிறேன்.

புரட்டாசி 17, புதன்

கடவுளே.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அத்தை வாசலில். குத்துவிளக்கு, தாம்பாளம், குடம் என்று எல்லாச் சீர்ச் சாமானும் பரப்பியிருக்கிறது. இந்த வீட்டில் பூஜைக்கு முன்னால் பெண்ணுக்குச் செய்த சீர் அத்தனையும் இறக்கிப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவார்கள். வண்டியும் சீர்தானே. இரண்டு சக்கரத்திலும் அடுப்புச் சாம்பலை ஈரத்தோடு கெட்டியாக அப்பி, வெயிலில் ஊற வைத்துவிட்டார்.

"எல்லாம் வெளக்கறப்ப இது மட்டும் பாக்கி நிக்கோணுங்களா சாமி? நீங்கதான் நேத்தெல்லாங் கெடந்து தேச்சீங்க. இன்னிக்கு நாஞ் செய்யறேன்னு..."

தேங்காய் நார் கையில்.

ஓடிப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். புளி மட்டும் என்றால் தப்பித்திருக்கும். சாம்பல் அலுமினியத்துக்கு விஷம். ஈயம் மாதிரி கறுத்துப் போயிருந்தது. நடுவில் திட்டுத் திட்டாக வெளுப்பு. நார் இழுத்த இடமெல்லாம் கீறல். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என்ன சொல்வது? பாசத்தில் செய்தது. திட்டவும் வழியில்லை.

மாமனார் வந்து பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "பஸ்ஸுல போயிக்கலாமுங்க."

நாமக்கல்லில் வரிசையாக லாரிகள், வாழைக்கன்று, சந்தனம், பூசணிக்காய். பங்காளி சிரித்துக்கொண்டே வந்தார். "எங்கீங்க அந்தக் கண்ணாடிச் சக்கரம்?"

"சர்வீசுக்கு உட்டிருக்குதுங்க" என்றார் மாமனார். அவர் பொய் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். பொரி மடித்த காகிதத்தைப் பிரிக்காமலேயே கையில் வைத்திருந்தார்.

பூஜை முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது இன்றைக்கு?

புரட்டாசி 18, வியாழன்

லேசான மழை. கடலைக்காய் பறிப்பு ஆரம்பம். ஆள் நிறைய.

மாமனார் காட்டுக்குக் கிளம்பும் முன் என் எதிரில் நின்றார். "சேலத்துல உங்களுக்குத் தெரிஞ்ச எடம் இருக்குதுங்களா? பழையபடி ஆகுமுங்களா?" "ஆகுமுங்க மாமா." "நாங்கூட வரோணும். இந்தப் பறிப்ப உட்டுட்டு வர முடியாது." இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். "நாளைக்குக் காத்தால போயிட்டு வாங்க."

சாவி சூடாக இருந்தது.

புரட்டாசி 19, வெள்ளி

நல்ல வெயில். தனியாக ஓட்டினேன்! தோளில் கை இல்லை. ஊர் எல்லை தாண்டியதும் கத்தினேன், என்னவென்று தெரியாது, சும்மா கத்தினேன். புளியமரத்தடியில் ஆடு மேய்த்த அம்மா பயந்துபோய்ப் பார்த்தார்.

பட்டறை மாறவே இல்லை. அதே கறுப்பு, அதே தூசி. சூசை மேஸ்திரி மூக்குத் துணியை இறக்கிவிட்டு, "வாய்யா ஜமீன்தார்! சோறு நல்லா போடறாங்க போல, தொப்பை விழுந்துருச்சே" என்றார். கறுத்த சக்கரத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "மாமியா வெளக்குனதா? இட்லிச் சட்டின்னு நெனச்சுட்டாங்களா?"

சக்கரம் இரண்டையும் கழற்றி, மிஷினில் நானே நின்றேன். ஓடுகிற பஞ்சு வட்டில் பாலிஷ் கட்டியைக் காட்டிச் சக்கரத்தை ஒட்டிப் பிடித்தால் போதும், கறுப்பு விலகி வெள்ளை எழும்பி வரும். கை மறக்கவில்லை. இரண்டும் முடித்து மெழுகு பூசி, காய வைத்து, துணியால் இழுத்தேன். மேஸ்திரி குனிந்து பார்த்துத் தன் மீசையைச் சரி செய்துகொண்டார்.

"திங்கக்கெழம காலைல. வருவியா, மாட்டியா?"

"வருவேன்."

உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை. கோயில் தெருவில் ஒரு அறை இருக்கிறதாம், அவர் மனைவி பேசி வைப்பார்.

திரும்பும்போது பாதி வழியில் நிறுத்தினேன். திரும்பாமலே போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு. ஈஸ்வரி இருக்கிறாளே. உதைத்துக் கிளப்பினேன். மாமனாரிடம் சாவியைக் கொடுத்தேன், திரும்ப இடுப்பில் கட்டிக்கொண்டார்.

புரட்டாசி 20, சனி

புழுக்கம்.

காலையில் மாமனார் சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதெல்லாம் நீங்களே செஞ்சதுங்களா?" "ஆமாங்க." பறிப்பை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறி எங்கோ போனார்.

சாயங்காலம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பறிப்பு ஆட்கள் கூலிக்கு நிற்கிறார்கள், அத்தை இருக்கிறார், எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "மாட்டுக் கொட்டாயில வடபக்கம் ஒழிச்சுத் தரப் போறேனுங்க. மோட்டாரு, பாலிஷ் மிஷினு எல்லாஞ் சொல்லியாச்சு. என்ற மாப்ளை இனி எதுக்கு அடுத்தவன் பட்டறை வாசல்ல போயி நிக்கோணும்? ஊட்டுலயே பண்ணுங்க மாப்ளே. பொழுதும் போகும்."

எனக்காக ஓடியிருக்கிறார் மனுஷன், இந்தப் புழுக்கத்தில்.

வாயைத் திறந்தேன். வந்தது: "சரிங்க மாமா."

ஈஸ்வரி அவருக்குத் தண்ணீர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

அறைக்குள் போனால் டிரங்குப் பெட்டியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைக்கிறாள். கோபமாகக்கூட இல்லை. பழைய மடிப்பு கலையாமல் வைக்கிறாள்.

"ஈஸ்வரி..."

"எங்கப்பாவுக்கு நல்ல மருமகன் ஆயிட்டீங்க. எனக்குப் புருசன் எப்ப ஆவீங்க?"

புரட்டாசி 21, ஞாயிறு

வெயிலா மழையா, கவனிக்கவில்லை.

ஈஸ்வரி சோறு போட்டாள். "போதுமுங்களா?" அது தவிரப் பேச்சில்லை. சக்கரம் துடைக்கவில்லை. நாளை திங்கள்.

நான் ஒரு கோழை. எழுதிப் பார்த்தேன். உண்மைதான்.

புரட்டாசி 22, திங்கள்

பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பனி. ஈஸ்வரி பக்கத்தில், பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு. அத்தை ஒரு தூக்குப் போசியில் தயிர்ச் சோறு கட்டிக் கொடுத்து உள்ளே போய்விட்டார், வெளியே வரவில்லை.

விடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டேன். மாமனார் கொட்டாயில் தானே மண்வெட்டி பிடித்துச் சாணி வழித்துக்கொண்டிருந்தார், என் மிஷினுக்கு இடம் செய்ய. ஆனாலும் சொன்னேன். "மிஷின் வேண்டாமுங்க மாமா. நான் சேலத்துக்கு வேலைக்குப் போறேனுங்க. இன்னிக்கே. ஈஸ்வரியும் வாறா."

மண்வெட்டி நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"நாங்க என்னங்க கொறை வெச்சோம்?"

"ஒரு கொறையும் வெக்கலீங்க. அதுதானுங்க மாமா."

புரிந்ததா தெரியாது. சாவியை அவிழ்க்க இடுப்புக்குக் கை போனது. தடுத்தேன். "வண்டி இங்கயே இருக்கட்டுமுங்க. நாங்க பஸ்ஸுல போயிக்கறோம்."

வாசலில் நிற்கிற வண்டியையே பார்த்தார். பிறகு கேட்டார், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி.

"அப்ப சக்கரத்த ஆருங்க தொடைக்கறது?"

ஈஸ்வரி மறுபடி அடுக்கியிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். வேலி தாண்டித் திரும்பிப் பார்த்தேன். தோள் துண்டை உருவிக்கொண்டு முன் சக்கரத்துக்கு எதிரில் குந்தியிருந்தார். கையெல்லாம் சாணி. ஈரம் இல்லாத துண்டால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அப்படித் தேய்த்தால் கீறல் விழும். ஈஸ்வரி என் கையைப் பிடித்தாள், அதைச் சொல்ல நான் திரும்பிப் போகவில்லை.

பஸ் வருகிறது.