கைநாட்டு வைக்கத் தயங்கிய காலை

இன்று நம் பேத்தி கைப்பிள்ளையோடு ஆயர் குரோவில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் துணிப்பையைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசம் கூடமெங்கும் பரவியது. அன்று பிரசவம் முடிந்து நீ உள்ளே வந்ததுபோல் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கும் ரத்தம் நிற்கவில்லையாம். டாக்டர் வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையை நூலால் மேலிருந்து கீழாக இறுக்கிக் கட்டி நிறுத்தியிருக்கிறார். பை உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் உனக்கு அப்படிச் செய்வாரில்லை.

எழுத்து தெரியாத நான் சொல்லச் சொல்ல நம் மகள் இதை உனக்கு எழுதுகிறாள். அவள் பிறந்த காலையைத்தான் சொல்கிறேன். மலாக்கா ஆஸ்பத்திரி நடையில் வெயில் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. விடியலில் ரப்பர் பால் மரத்தைக் கீறினால் உச்சிப் பொழுதுக்குள் சொட்டு தானாக நின்றுவிடும். ஊசி போட்டும், வயிற்றைப் பிசைந்தும் உன் ரத்தம் நிற்கவில்லை. தள்ளுகட்டிலில் நீ எங்கோ மிதந்துகொண்டிருந்தாய்.

"அண்ணே, கர்ப்பப்பைய எடுத்தாத்தான் பொழைப்பாங்க. இதுல கைநாட்டு வைங்க," என்று நர்ஸ் மிஸ்ஸி தாளை நீட்டினார்.

படித்தவர் பார்க்காமல் எந்தத் தாளிலும் விரல் வைக்கக் கூடாது என்பது நம் தோட்டத்து லயத்து வீடுகளின் கட்டுப்பாடு. "தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வந்துக்கிட்டிருக்காரு மிஸ்ஸி. படிச்சுச் சொல்லட்டும்," என்றேன்.

"கிராணி வந்து ரத்தத்த நிறுத்துவாரா?"

நீ கண்ணைத் திறந்தாய். "வைங்களேன். தோட்டத்தயா எழுதிக் கேக்குறாங்க?" என்று முனகி, என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினாய். உன் விரல்கள் சில்லென்று இருந்தன.

பிழைத்து வந்தாய். அடுத்த பிள்ளை எப்போது என்று கேட்டவர்களிடம், "அவரு இன்னும் கிராணிக்குக் காத்திருக்காரு லா," என்று சிரிப்பாய். நானும் கூடச் சிரிப்பேன்.

கிராணி ஒரு சாக்குதான், புள்ள. பை போனால் இனி ஆண்பிள்ளை பிறக்காது என்ற நினைப்புதான் என் விரலை மடக்கி வைத்திருந்தது. உன் ரத்தம் போய்க்கொண்டிருக்கையில் நான் அதை நினைத்தேன். நீ உயிரோடு இருந்தவரை சொல்ல வாய் வரவில்லை.

மகளின் பேனா நின்றது. "எழுதும்மா," என்றேன்.

"அம்மா அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாங்கப்பா," என்றாள். "நான் வளந்தப்புறம் எங்கிட்ட சொன்னாங்க. அப்பாகிட்ட கேட்டுடாத, தாங்க மாட்டாருன்னாங்க."

எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு நாளும் முகம் திருப்பாமல், இத்தனை வருடம் என் பக்கத்தில் தூங்கியிருக்கிறாய். கட்டிலில் உன் இடத்தை விட்டுத்தான் இன்னும் படுக்கிறேன். நீ பொறுத்துக்கொண்டதன் கனம் அந்தப் பக்கம் கட்டிலைக் கொஞ்சம் சாய்க்கிறது.